இடக்கை மார்க்கம்

“ஆசானே, என் இடது கை என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. எந்த விசையை எங்கே மாற்ற வேண்டும்?”

இவ்வளவையும் அடித்து முடிக்க அறவாழிக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது. கட்டைவிரல் மரத்திருந்தது. ஆள்காட்டி விரல் அழுத்திய விசையை விட மறுத்தது. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்றாக விழ, அவர் அழித்து அழித்து அடித்தார்.

பதில் மாலையில் வந்தது.

“வாங்க.”

அதற்குக் கீழே வால்பாறையில் ஒரு முகவரி.

ஆசானின் பதில்கள் எப்போதும் அப்படித்தான். ஒரு சொல்லுக்கு மேல் போனால் அது அவருக்குப் பிரசங்கம்.

*

அறவாழி சென்னையில், பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர். வயது நாற்பத்தெட்டு. எழுதுவதற்கு அவர் வைத்திருந்த எடிட்டர் ஒரு தினுசானது. அதில் மவுஸைத் தொடவே வேண்டியதில்லை. வெட்டுவது, ஒட்டுவது, தேடுவது, தாவுவது எல்லாம் விசைகள்தான். எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்பதை அவரவர் இஷ்டத்துக்கு ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பை கான்ஃபிக் என்பார்கள்.

இந்த எடிட்டர்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலையைவிட, வேலை செய்யும் இடத்தை ஒழுங்கு பண்ணுவதில்தான் அவர்களுக்கு உயிர். அஞ்சறைப் பெட்டியில் கடுகை எங்கே வைப்பது, சீரகத்தை எங்கே வைப்பது என்று நாள் முழுக்க மாற்றி மாற்றி வைத்துவிட்டு, சாப்பாட்டை ஓட்டலில் வாங்கிக்கொள்கிற ஆட்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவின் ஆசான் வே. ராஜாமணி.

ராஜாமணியை யாரும் பார்த்ததில்லை. பெண் என்று தெரியும். அறவாழியைவிட வயதில் சின்னவர் என்றும் தெரியும். மலை மேல் இருக்கிறார் என்று தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள யாருக்கும் தோன்றவில்லை. ஞானிக்கு மலை இருந்தால் போதாதா.

அவர் எழுதும் புரோகிராம்கள் சின்னச் சின்னதாக, அழகாக இருக்கும். யாரோ ஒருவர், “உங்கள் கான்ஃபிக்கைக் காட்டுங்களேன்” என்று கேட்டார். ராஜாமணி மறுபேச்சில்லாமல் அனுப்பி வைத்தார்.

அதைத் திறந்து பார்த்த குழு வாயடைத்துப் போனது.

எல்லாக் கட்டளைகளும் கீபோர்டின் இடது பாதியில் இருந்தன. ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்தால் வலது பாதி எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இடது பாதிக்கு வந்துவிடும். வலது பாதியில் ஒன்றுமே இல்லை. மழைக்கு முந்தின வயல் மாதிரி காலியாகக் கிடந்தது.

ஏன், எதற்கு என்று ஒரு விளக்க வரிகூட அந்தக் கோப்பில் இல்லை.

“ஆசானே, வலது பாதி முழுக்கக் காலியாக இருக்கிறதே?”

“ஆமா.”

“ஆசானே, வேகம் எப்படி வரும்?”

“மெதுவா.”

“ஆசானே, உங்கள் புரோகிராம்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன?”

“போதும்.”

அந்த “ஆமா”வை வைத்துக்கொண்டு குழு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

*

உரை எழுதியவர் அறவாழி.

“வலது கை ஆசையின் கை. வாங்குகிற கை, சுட்டிக் காட்டுகிற கை, கையெழுத்துப் போடுகிற கை. அது ஓய்ந்தால்தான் மனம் ஓயும். ஆசான் அதைத் துறந்தார்” என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக எழுதினார். அதற்கு இடக்கை மார்க்கம் என்று அவரே பெயரும் வைத்தார். குழுவில் அதைப் படிக்காதவர் இல்லை.

எழுதினால் ஆச்சா? நடந்து காட்ட வேண்டாமா?

அவர் ஆசானின் கான்ஃபிக்கை அப்படியே தன் எடிட்டரில் போட்டுக்கொண்டு, இடது கையால் மட்டும் அடிக்கப் பழகினார். வலது கைதான் பெரிய தொந்தரவாக இருந்தது. மடியில் வை என்றால் வைக்கும். இரண்டு வரி போனதும் தானாக எழுந்து கீபோர்டுக்கு வந்து, பழைய இடத்தில் பழைய விசைகள் மேல் உட்கார்ந்துகொள்ளும். அவர் அதட்டி மடிக்கு அனுப்புவார். மறுபடியும் வரும்.

கடைசியில் குளியலறைக் கொடியில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்து வந்து, வலது கையை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டினார்.

மனைவி பரிமளா காபியோடு வந்து நின்று பார்த்தாள்.

“சோத்துக்கு மட்டும் அவுத்துக்குவீங்களா?”

“பழக்கம் வர்ற வரைக்கும்தான் பரிமளா.”

“எது, கட்டிக்கிற பழக்கமா?”

அவர் கட்டின கையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். கைதட்டல் வந்து குவிந்தது. மதுரையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று துண்டு கட்டிய படங்கள் வர ஆரம்பித்தன. அறவாழிக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் தன்னைப் பின்பற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடிக்காரர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். வந்தவுடன் ஒரு கேள்வி போட்டார்.

“ஆசான் எதுக்கு ஒத்தக் கையில அடிக்காங்க? யாராச்சும் அவங்ககிட்டயே கேட்டீங்களா?”

அறவாழிக்குச் சுரீர் என்றது. மார்க்கத்தின் ஆழம் தெரியாமல் கரையில் நின்று கல்லெறிவது பற்றி நீளமாக எழுதிவிட்டு, நிர்வாகி என்ற உரிமையில் அந்த ஆளைக் குழுவிலிருந்தே நீக்கினார்.

அந்தக் கேள்வி அதோடு போயிற்று.

*

வருஷங்கள் ஓடின. வலது கை வருவதை நிறுத்தியிருந்தது. துண்டுக்கு வேலை இல்லை.

இடது கை முதலில் காலையில் மட்டும் மதமதத்தது. பிறகு மத்தியானமும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அறவாழி அதைப் பற்றியும் குழுவில் எழுதினார். வலி சாதனையின் ஒரு படி என்று எழுதினார். அதற்கும் கைதட்டல்தான்.

பல் தேய்க்கும் பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்க இரண்டு கை வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பரிமளா பிதுக்கிக் கொடுத்தாள். சட்டைப் பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள். கேலி பேசுவதை அவள் நிறுத்தியிருந்தாள். அவருக்கு அதுதான் அதிக பயமாக இருந்தது.

ஆபீசில் ஒரு நாள் சம்பளம் போடும் புரோகிராம் நின்றுவிட்டது. எங்கே தப்பு என்று அறவாழிக்கு மட்டும்தான் தெரியும். மேலதிகாரி தன் லேப்டாப்பையே அவர் முன்னால் நகர்த்தினார்.

“சார், ஒரு வரிதானே. அடிச்சு விட்டுடுங்க.”

அது எல்லோரும் வைத்திருக்கிற சாதாரண கீபோர்டு. அறவாழியின் இடது கை தன் ஏற்பாடுகளைத் தேடியது. எதுவும் அங்கே இல்லை. ஸ்பேஸைப் பிடித்தால் வெற்றிடம் விழுந்தது. விரல்கள் வேறு சொன்னபடி கேட்கவில்லை. திரையில் குப்பை குப்பையாக எழுத்துகள் ஓடின. வலது கை மடியில் கிடந்தது. வா என்று ஒரு தடவை அதைத் தூக்கி வைத்துப் பார்த்தார். கல்யாண வீடு மாறி வந்த விருந்தாளி மாதிரி அது எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழித்தது.

அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பரவால்ல சார், வாயால சொல்லுங்க, நாங்க அடிச்சுக்கறோம்,” என்றார் மேலதிகாரி. அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாசம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம் என்றார்.

எதைப் பேசுவார்கள் என்று அறவாழிக்குத் தெரியாதா. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரு வேலைதான் அவருக்குத் தெரியும். அதுவும் விரல் வழியாகத்தான் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து கான்ஃபிக்கைத் திறந்தார். ஏதாவது ஒரு விசையை வலது பக்கத்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றுதான் திறந்தார். ஒரு வரியைக்கூடத் தொட மனசு வரவில்லை. ஆசான் காலியாக விட்ட இடத்தை நிரப்ப நான் யார் என்று நினைத்தார்.

மூடிவிட்டு அழுதார். பிறகுதான் ஆசானுக்கு எழுதினார்.

*

பொள்ளாச்சியில் பஸ் மாறினார். மலை ஏற ஏறக் குளிர்ந்தது. ஜன்னலுக்கு மேல் வழக்கம்போல் எழுதியிருந்தது: கரம் சிரம் புறம் நீட்டாதீர்.

எத்தனை தடவை பார்த்த வாசகம். அன்று அதன் சிக்கனம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆசான் எழுதின மாதிரியே இருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

வீடு ஒரு பேக்கரிக்குப் பின்னால், படியேறிப் போகிற தகரக் கூரை வீடு. மழை தூறிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டுவதற்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஒரே சொல்லில் பதில் வரும். அந்தச் சொல்லைத் தவறவிடக் கூடாது.

கதவு திறந்தது. கனத்த சால்வை போர்த்திய ஒரு பெண் நின்றார்.

“அறவாழி அண்ணாங்களா? வாங்க, வாங்க. நனைஞ்சுட்டீங்களே. செருப்பை உள்ளயே கொண்டாந்து விடுங்க, வெளிய விட்டா அட்டை ஏறிக்கும். பஸ்ஸுல தலை சுத்துச்சுங்களா? எல்லாத்துக்கும் சுத்தும். இப்படி உக்காருங்க, கரண்டு வேற இல்ல, டீ வெக்கிறேன், சக்கரை போடலாமுங்களா?”

அறவாழி அப்படியே நின்றார். இத்தனை வருஷமாக ராஜாமணி எழுதிய எல்லாச் சொற்களையும் சேர்த்தாலும் இவ்வளவு தேறாது.

“போடலாம்,” என்றார்.

உள்ளே அடுப்பு எரியும் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. போன வாரம் யானை வந்து பேக்கரிக்காரரின் வாழையைத் தின்றதை அவர் அங்கிருந்தே சொல்லி முடித்தார்.

பிறகு டம்ளரோடு வந்தார். இடது கையால் நீட்டினார்.

அறவாழிக்கு ஒரு கணம் திக்கென்றது. பிச்சைக்காரனுக்குக்கூட இடது கையால் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் அவர். அடுத்த கணமே புரிந்தது. பாடம் ஆரம்பித்துவிட்டது. டீ கொடுப்பதிலும் மார்க்கம்.

அவர் எழுந்து நின்று, பயபக்தியோடு தன் இடது கையை நீட்டி வாங்கினார்.

விரல்கள் மூடவில்லை. டம்ளர் நழுவி, சூடான டீ பாயெல்லாம் கொட்டியது.

“அட, விடுங்க விடுங்க. காலுல பட்டுதுங்களா?” ராஜாமணி மூலையில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார். “வலது கைல வாங்கியிருக்கலாமுல்லங்க?”

“நீங்க இடது கையில குடுத்தீங்க.”

“எனக்கு இருக்கிறது அதானுங்க.”

குனிந்ததில் சால்வை விலகியிருந்தது. வலது தோளிலிருந்து ஒரு கை தொங்கியது. மெலிந்து, குழந்தையின் கைப் பருமனுக்குச் சூம்பி, விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தன. அவர் துடைக்கத் துடைக்க அது தன்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆடியது.

அறவாழி பார்த்துக்கொண்டே நின்றார்.

*

“எப்ப ஆச்சு?” என்று கேட்டார் அறவாழி.

“காலேஜ்ல படிக்கறப்ப. பஸ் ஜன்னல்ல கையை வெச்சுட்டுத் தூங்கிட்டேன். எதுத்தாப்புல ஒரு லாரி. கை இருந்துச்சு, நரம்பு போயிருச்சு.”

வரும்போது அந்த வாசகத்தைப் பார்த்துச் சிரித்தது அறவாழிக்கு ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல, காலைல எந்திரிச்சதும் மொதல்ல இதைத்தானுங்க பார்ப்பேன். வா-ன்னு கூப்பிடுவேன். கொஞ்சிக் கூப்பிடுவேன், திட்டிக் கூப்பிடுவேன். அம்மா கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு அழுவாங்க. அது வரவே இல்ல.”

துணியைப் பிழிய அவரால் முடியாது. வாளியின் விளிம்பில் வைத்து அழுத்தி நீரை இறக்கினார்.

“அப்புறம் படிப்பை முடிக்கணுமுல்லங்க. புரோகிராம்ல ஒரு அடைப்புக்குறி போட்டா மூடணும். மூடற குறி வலது கோடியில இருக்குது. அதை எட்டிப் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள என்ன யோசிச்சேன்னே மறந்துரும். ஒரு அடைப்புக்குறிக்காக உக்காந்து அழுதிருக்கேன். அப்படி அழுதழுது ஒவ்வொண்ணா இந்தப் பக்கம் கொண்டாந்தேன்.”

“அதுதான் கான்ஃபிக்.”

“அதானுங்க.”

மழை வலுத்தது. தகரத்தில் விழும் சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

“வலது பாதி காலியா இருக்குதேன்னு கேட்டோம். ஆமான்னு எழுதினீங்க.”

“காலியாத்தானே இருக்குது? அதுக்கு மேல அடிச்சா கை வலிக்குங்க. பேசச் சொல்லுங்க, எவ்வளவு வேணாப் பேசுவேன்.”

“வேகம் எப்படி வரும்னு கேட்டதுக்கு?”

“மெதுவாத்தானுங்க வரும். பழகறதுக்கு நாளாகுமுல்ல.”

“போதும்னது?”

“ஒரு கையில எவ்வளவுதான் அடிக்கறது? வேலை முடிஞ்சுதா, போதும்னு விட்டுருவேன்.”

அறவாழி உட்கார்ந்துவிட்டார். ஈரப் பாயில்தான் உட்கார்ந்தார்.

“கோப்புல ஒரு வரி எழுதியிருக்கலாமே. ஒரே ஒரு வரி. எனக்கு ஒரு கைதான்னு.”

“அது எனக்குன்னு பண்ணிக்கிட்டதுங்க. என் வீட்டுல உப்பு எங்க இருக்குது, புளி எங்க இருக்குதுன்னு நான் எதுக்கு எழுதி ஒட்டணும்? நீங்க கேட்டீங்க, குடுத்தேன். எதுக்குன்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன்.”

கேட்ட ஒரே ஆளை யார் விரட்டினது என்று அறவாழி சொல்லவில்லை.

“நான் எழுதின உரையைப் படிச்சீங்களா?”

ராஜாமணி சால்வையை இழுத்து அந்தக் கையை மூடினார்.

“மொதல்ல எழுதினதைப் படிச்சேன். ஆசான் அதைத் துறந்தார்னு எழுதியிருந்தீங்க. எனக்கு நடந்தது வெறும் ஆக்சிடெண்டுங்க. அதுக்கு இப்படியெல்லாம் அர்த்தம் இருக்குதான்னு படிக்கப் படிக்க மனசுக்கு நல்லா இருந்துச்சு. நான் இழந்ததை யாரோ, வேணும்னே விட்டதுன்னு சொல்றாங்க. தப்புன்னு சொல்லி அதைக் கலைக்க மனசு வரல. அப்புறம் அந்தப் பக்கமே வர்றதில்ல. கேள்வி வந்தா மட்டும் பதில் போடுவேன்.”

“இப்ப நிறையப் பேர் ஒத்தக் கையில அடிக்கறாங்க. என்னைப் பார்த்து.”

“அவங்களுக்கும் கை இப்படி ஆயிருச்சுங்களா?”

“தெரியல. யாரும் சொல்ல மாட்டாங்க. வலி ஒரு படின்னு நான் எழுதி வெச்சிருக்கேன்.”

ராஜாமணி அவருடைய இடது கையைப் பார்த்தார். மணிக்கட்டில் டாக்டர் மாட்டிவிட்ட பட்டை, கட்டைவிரலடியில் வற்றிப்போன சதை.

“டாக்டர் என்ன சொன்னாருங்க?”

“மணிக்கட்டைக் கீறி, அழுந்திப்போன நரம்பை விடுவிக்கணுமாம். பண்ணினாலும் பழைய மாதிரி வரும்னு சொல்ல முடியாதுன்னார். ரொம்ப நாள் விட்டுட்டீங்கன்னார்.”

“எனக்கும்தான் வலிக்கும். வலிச்சா அன்னைக்கு மூடி வெச்சுருவேன். இருக்கிறது இது ஒண்ணு.”

அதற்கு மேல் அறவாழியால் அடக்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வயதில் சின்ன ஒரு பெண்ணுக்கு முன்னால் அழுகிறோமே என்ற கூச்சம்கூட வரவில்லை. இந்த மாசம் முடிந்தால் வேலை போய்விடும். பரிமளா தினமும் பொத்தான் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். இவ்வளவும் ஒரு பஸ் ஜன்னலுக்காக. தன்னுடையதுகூட இல்லாத ஒரு பஸ் ஜன்னலுக்காக.

“சொல்லுங்க,” என்றார், அழுகைக்கு நடுவில். “உங்க கான்ஃபிக்குல எதை மாத்தினா நான் மறுபடி அடிக்க முடியும்?”

“அதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களே.”

“ஏதாவது ஒரு வழி.”

“வலது கையில அடிக்கறதுதானுங்களே?”

“அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

“ஏனுங்க? அதுக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல.” அறவாழி தன் வலது கையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்து நனைந்திருந்த கை. “ஆரம்பத்துல அது பாட்டுக்குக் கீபோர்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். எத்தனை தடவை எடுத்து மடியில வெச்சாலும் வரும். அதனால ஒரு துண்டை எடுத்து நாற்காலியோட சேர்த்து...”

முடிக்கவில்லை.

ராஜாமணியின் பேச்சு நின்றிருந்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“எவ்வளவு நாளு?”

“அது வர்றதை நிறுத்தற வரைக்கும்.”

ராஜாமணி துணியைக் கீழே வைத்தார். அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். தன் இடது கையால் அவருடைய வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சுண்டுவிரலை மடக்கினார். அது மடங்கியது. விட்டார். நிமிர்ந்தது. மோதிர விரலை மடக்கினார், நடுவிரலை மடக்கினார். ஒவ்வொன்றும் மடங்கி, தானாகவே நிமிர்ந்தது. கட்டைவிரல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பவும் சுண்டுவிரலுக்கு வந்தார்.

அறவாழி காத்திருந்தார். இப்போதும் அவருக்கு ஒரு சொல் வரும் என்றுதான் எண்ணம்.

ராஜாமணி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது.

“கூப்பிடாமலே வந்த கையையா அண்ணா கட்டிப் போட்டீங்க?”